நாள் குறிக்கப்பட்ட கணினிகள்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் பத்தாண்டுகளாக அளித்துவந்த ஆதரவு அன்றோடு முடிந்தது. மறுநாள் காலை அந்தக் கணினிகள் எல்லாம் வழக்கம்போலத் திறந்தன. கடைகளில் பில் அச்சானது, அலுவலகங்களில் கடிதங்கள் தட்டச்சாயின, பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடித்தார்கள். ஒரு திரைகூட அணையவில்லை. அந்தச் சமயத்தில் உலகின் விண்டோஸ் கணினிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு விண்டோஸ் 10-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது என்கிறது, இணையப் பயன்பாட்டைக் கணக்கிடும் ஸ்டேட்கவுன்டர் நிறுவனம்.

ஆதரவு முடிவை மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு முதற்காரணம் இதுதான். குறிப்பிட்ட நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் நடப்பதில்லை. "சிஸ்டம் நல்லாத்தானே ஓடுது" என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் "உடனே மாற்றுங்கள்" என்று மட்டும் எச்சரிப்பதால் பயனில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் 10 வரை ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பெரும்பாலோர் ஆயத்தமில்லாமலே அந்த நாளைக் கடந்தார்கள். ஏன் என்று பார்த்தால், சிக்கல் இயங்குதளத்தில் இல்லை, அதோடு நாம் கட்டிவைத்திருக்கும் பொருள்களில் இருக்கிறது என்பது தெரியவரும். இயங்குதளத்தை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். பில் போடும் நிரல், அச்சுப்பொறி, ஸ்கேன் இயந்திரம், பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் ஆகியவற்றை அதிலிருந்து அவிழ்க்க ஆண்டுகள் ஆகும்.

முதலில், ஆதரவு என்றால் என்ன? ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளங்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை வெளியிடுகிறது. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் ஓட்டைகள் தீர்ந்துபோவதே இல்லை. ஆதரவு முடிந்தது என்றால் இந்த அடைப்பு வேலை நின்றது என்று பொருள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. புதிய விண்டோஸ் முழுக்கப் புதிதாக எழுதப்படுவதில்லை. முந்தைய பதிப்பின் நிரலில் பெரும்பகுதி அப்படியே அடுத்ததிலும் இருக்கிறது. எனவே புதிய பதிப்பில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை பழையதிலும் இருக்க வாய்ப்பு அதிகம். திருத்தம் வெளியானதும், திருத்துவதற்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் என்ன மாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும். தேர்ந்த ஒருவருக்கு இது சில நாள் வேலை. புதிய கணினிக்குப் பூட்டாக வரும் திருத்தம் பழைய கணினியைத் திறக்க வழிகாட்டும் வரைபடமாகவும் ஆகிறது. ஆதரவு நின்ற கணினியின் ஆபத்து அந்த ஒரு நாளில் கூடுவதில்லை, மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

பாதுகாப்புக்கு அப்பால் இன்னொன்றும் நடக்கிறது. இயங்குதளத்தை அடுத்து உலாவிக்கான ஆதரவும் நின்றுபோகும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. கூகிள் குரோம் அதன்பிறகும் மூன்றாண்டுகள் தாக்குப்பிடித்து, 109-ஆம் பதிப்போடு 2023-இல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. பழைய உலாவியை வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒவ்வொன்றாக ஏற்க மறுக்கும். அடுத்து வாங்கும் அச்சுப்பொறிக்குப் பழைய இயங்குதளத்துக்கான இயக்கி கிடைக்காது. கணினி சாவதில்லை, அதற்கும் ஊருக்கும் இடையே போக்குவரத்து குறைந்துகொண்டே வருகிறது.

எக்ஸ்பியின் கதையை இந்த இடத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 கடைசி நாள். அன்று உலகின் மேசைக் கணினிகளில் கால்பங்குக்கு மேல் எக்ஸ்பிதான் இருந்தது. அடுத்த மாதம் முதல் நாளே, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோது மைக்ரோசாஃப்ட் மனமிரங்கி எக்ஸ்பிக்கும் திருத்தம் கொடுத்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்றாலும், அதனால் மக்கள் கற்றுக்கொண்ட பாடம் தவறானது: தேதி சும்மா பேச்சுக்கு, ஆபத்து வந்தால் கொடுத்துவிடுவார்கள்.

பிரிட்டன் அரசு அந்த ஆண்டு 55 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து, பொதுத்துறைக் கணினிகளுக்கு இன்னும் ஓராண்டு எக்ஸ்பி ஆதரவை விலைக்கு வாங்கியது. அந்த ஓராண்டு, இடம்பெயர்வதற்கான அவகாசம். 2015-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மருத்துவமனைகள் பலவற்றில் வேலை மட்டும் முடியாமல் நின்றது.

2017 மே 12 அன்று வானாக்ரை பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வகை நிரல் அது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடமிருந்து கசிந்த கருவியைக் கொண்டு, யாரும் எதையும் சொடுக்காமலே, ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானாகத் தாவியது. சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் மாட்டின. ஆந்திர மாநிலக் காவல் துறையின் கணினிகளும் அவற்றில் உண்டு. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பான என்எச்எஸ்ஸில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 19,000-க்கு மேற்பட்ட சிகிச்சைச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். மொத்த இழப்பு 9.2 கோடி பவுண்டு என்றது அந்நாட்டுச் சுகாதாரத் துறை.

இந்த நிகழ்வைப் பலரும் எக்ஸ்பியின் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். உண்மை அதைவிடக் கசப்பானது. அந்த நேரத்தில் என்எச்எஸ் கணினிகளில் எக்ஸ்பி ஓடியவை 5 சதவீதத்துக்குள்தான். மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதாவது ஆதரவில் இருந்தவை. அவற்றுக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே, தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, வந்துவிட்டது. அதை யாரும் போடவில்லை. எக்ஸ்பி கணினிகளோ பல இடங்களில் அந்தக் கிருமியைத் தாங்கமாட்டாமல் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. தனிக்கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த எக்ஸ்பி திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் திறந்துவிட்டது தாக்குதல் தொடங்கிய பிறகுதான்.

ஆக, ஆதரவு இருப்பது ஒன்று, அதை வாங்கிப் போட்டுக்கொள்வது வேறொன்று. இரண்டாவது பழக்கம் இல்லாத இடத்தில் முதலாவது பயன்படாது. நம் ஊரில் கள்ளப் பிரதி விண்டோஸ் போட்டு, கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அப்டேட்டை நிறுத்திவைத்திருக்கும் கணினிகளுக்கு, அவற்றை வாங்கிய நாளிலேயே ஆதரவு முடிந்துவிட்டது.

மருத்துவமனைகளைக் குற்றம் சொல்வது எளிது. அவர்களின் இக்கட்டையும் பார்க்க வேண்டும். ஒரு சிடி ஸ்கேன் இயந்திரத்தின் ஆயுள் பத்து, பதினைந்து ஆண்டுகள். அதை ஓட்டும் கணினியில் உற்பத்தியாளர் சோதித்து ஒப்புதல் வாங்கிய விண்டோஸ் பதிப்பு ஒன்று இருக்கும். மருத்துவமனை தானாக அதை மாற்றினால் உத்தரவாதம் போய்விடும். படிமத்தின் அளவீடு சரியாக இருக்கிறதா என்பதற்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உற்பத்தியாளரோ புதிய இயந்திரம் வாங்கச் சொல்வார். சில ஆயிரம் ரூபாய் மென்பொருளின் ஆயுள், கோடி ரூபாய் கருவியின் ஆயுளை முடிவுசெய்கிறது. வாங்கும்போது போடும் ஒப்பந்தத்தில் இதைப் பேசாமல் விட்டால், பிறகு பேசிப் பயனில்லை.

ஏடிஎம் இயந்திரங்களும் அப்படித்தான். எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது உலகின் பெரும்பாலான ஏடிஎம்களின் உள்ளே அதுதான் இருந்தது. இந்தியாவில் நான்காண்டுகள் கழிந்தும் நிலைமை மாறாததால், ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று வங்கிகளுக்குக் கண்டிப்பான சுற்றறிக்கை அனுப்பியது. அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. முதலில் அந்த ஆகஸ்டுக்குள் இயந்திரத்தின் தொடக்க அமைப்புக்குக் கடவுச்சொல், யுஎஸ்பி துளைகளை முடக்குதல் போன்ற உடனடி வேலைகள். பிறகு, அனுமதித்த நிரல்களைத் தவிர வேறெதுவும் ஓடாதபடி 2019 மார்ச்சுக்குள் பூட்டு. இயங்குதள மாற்றம் படிப்படியாக: செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் அரைப்பங்கு, மார்ச்சுக்குள் முக்கால்பங்கு, 2019 ஜூனுக்குள் முழுவதும். உடனே மாற்ற முடியாததை முதலில் அடைத்துப் பூட்டு, பிறகு தவணை போட்டு மாற்று என்கிற இந்த வரிசை எந்தச் சிறு அலுவலகத்துக்கும் பொருந்தும். வருத்தம் என்னவென்றால், 2014-இல் வந்திருக்க வேண்டிய ஆணை 2018-இல் வந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இதே நெருக்கடியை வேறு விதமாக எதிர்கொண்டது. அங்கிருந்த சுமார் 14,000 கணினிகளில் விண்டோஸ் என்டி 4.0 ஓடியது. அதன் ஆதரவு முடியப்போகிறது என்றதும், அடுத்த விண்டோஸுக்குப் போவதற்குப் பதிலாக லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்குப் போவதென்று 2003 மே மாதம் நகர மன்றம் முடிவெடுத்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரே மியூனிக்குக்கு வந்து பேசிப்பார்த்தார். மாற்றம் முடிய பத்தாண்டுகள் ஆயின.

ஏன் அத்தனை காலம்? லினக்ஸ் நிறுவுவது கடினமாக இருந்ததாலா? இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிப் பிரிவுகள், ஒவ்வொன்றும் தன் போக்கில் கணினி நடத்திவந்தன. யாரிடம் என்ன நிரல் இருக்கிறது என்று ஒரே இடத்தில் பட்டியல் கிடையாது. ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் வேர்டிலும் எக்செல்லிலும் எழுதிச் சேர்த்த படிவங்களும் மேக்ரோக்களும் ஏராளம். அவற்றை மாற்றுவதற்கென்றே 'வோல்மக்ஸ்' என்ற மென்பொருளை நகராட்சி சொந்தமாக எழுத வேண்டியிருந்தது. 2013-இல் எக்ஸ்பியின் முடிவு நெருங்கியபோது, அதே நகராட்சி பழைய கணினி வைத்திருந்த பொதுமக்களுக்கு லினக்ஸ் குறுந்தட்டுகளை வழங்கியது. ஆட்சியும் எண்ணமும் மாறி, 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்புவதென மன்றம் தீர்மானித்தது. இதை லினக்ஸின் தோல்வி என்பாரும் அரசியலின் தோல்வி என்பாரும் உண்டு. என் கணிப்பில், முதல் சில ஆண்டுகளில் அவர்கள் செய்த கணக்கெடுப்புதான் அந்த முயற்சியின் உண்மையான சாதனை. எந்த இயங்குதளத்துக்குப் போவதானாலும் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

விண்டோஸ் 10-க்கு வருவோம். 2015 ஜூலையில் அது வெளியானபோதே 2025 அக்டோபர் என்ற தேதி ஆவணத்தில் இருந்தது. ஆனால் அதே ஆண்டு, இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் ஒரு மாநாட்டில் சொன்னது பரவலாகப் பரவி, தேதியை எல்லோரும் மறந்துபோனார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. இம்முறை ஒரு புதிய தடை. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் இருந்தால்தான் அது ஏறும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் வெளியே நின்றன. அதற்கு முந்தைய மாற்றங்களில் பழைய கணினி மெதுவாக ஓடும் என்பதுதான் குறை. இப்போது, நன்றாக ஓடும் கணினிக்கே கதவு சாத்தப்பட்டது. இதனால் சுமார் 24 கோடிக் கணினிகள் மறுவிற்பனைக்கும் லாயக்கில்லாமல் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. பாதுகாப்புச் சில்லுக்கு நியாயமான தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. ஆனால் 2023 ஜனவரி வரை விண்டோஸ் 10 உரிமத்தை விற்றுவிட்டு, மூன்றாண்டுகூட நிறையாமல் ஆதரவை நிறுத்தியதற்கு நியாயம் சொல்ல முடியாது.

மாற முடியாதவர்களுக்கு நீட்டிப்பு ஆதரவு விற்பனைக்கு இருக்கிறது. தனிநபர் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை: 30 டாலர் கொடுக்கலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அவர்களின் மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பால் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டு இலவசமாகவே கிடைத்தது. நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகி மூன்றாண்டுக்கு மொத்தம் 427 டாலர். அந்தத் தொகைக்கு நம் சந்தையில் ஒரு புதிய கணினியே கிடைக்கும். விலையை இப்படி ஏற்றுவது தற்செயல் இல்லை. தங்கிவிட நினைப்பவரைக் கிளப்புவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் முதலாண்டு 1 டாலர், அடுத்து 2, பிறகு 4. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய சலுகை இது.

லினக்ஸுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. பழைய கணினியிலும் அது ஏறும், பணம் கேட்காது. ஆனால் அங்கும் தேதிகள் உண்டு. உபுண்டு என்னும் லினக்ஸின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு. சர்வர்களில் பெருவழக்காக இருந்த சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-ஓடு நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. ஏழாண்டுக்கு மேல் வெட்டு, ஓராண்டு அவகாசம். இருந்தாலும் வேறுபாடு ஒன்று உண்டு. மூலநிரல் திறந்திருந்ததால், ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகளைப் பிறர் உடனே எழுப்பிக்கொள்ள முடிந்தது. விண்டோஸில் அதற்கு வழியில்லை.

நமக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2014-இல் எக்ஸ்பி முடிந்தபோது, அதை நிறுவிக்கொள்ளும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல முடிவுதான். ஆனால் அலுவலகங்களில் இன்றும் எதைப் பார்க்கிறோம் என்பதை வாசகர்களே அறிவார்கள். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி நெடுங்காலமாகிறது. அங்கே ஐடி@ஸ்கூல் என்ற திட்டம், பின்னர் கைட் என்ற நிறுவனமாக வளர்ந்து, பாடத்துக்கேற்ற லினக்ஸ் பதிப்பைத் தானே தயாரித்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பழுது பார்க்க ஆள் வைத்தது. தேர்வையும் அதிலேயே நடத்தியது. இங்கே அறிவுரை போயிற்று, அங்கே ஆட்கள் போனார்கள்.

இனி, ஆயத்தம் என்பது நடைமுறையில் என்ன? ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். அலுவலகத்தில் எத்தனை கணினி, எதில் எந்த இயங்குதளம், அதன் கடைசி நாள் எது, அதில் மட்டுமே ஓடக்கூடிய நிரல் எது, அதோடு மட்டுமே பேசும் கருவி எது, அந்த நிரலைக் கொடுத்தவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா? நான்காவது கேள்விக்கு வரும்போதுதான் வேலையின் உண்மையான அளவு தெரியும். நம் ஊர்களில் அரிசி மண்டி, அடகுக் கடை, சிறு சங்கங்கள் போன்ற இடங்களில் ஃபாக்ஸ்புரோவில் யாரோ இருபத்தைந்தாண்டுக்கு முன் எழுதிக்கொடுத்த டாஸ் நிரல்கள் இன்னும் கணக்கு எழுதுகின்றன. 32 பிட் விண்டோஸில் மட்டுமே அவை நேரடியாக ஓடும். விண்டோஸ் 10-தான் 32 பிட்டில் வந்த கடைசி விண்டோஸ். விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டுமே. கணினியை மாற்றிய அன்று அந்தக் கணக்கு நிரல் திறக்காது. டாஸைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம், ஆனால் அச்சுப்பொறிக்கு அனுப்புவது வரை ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஓட்டிப்பார்த்திருக்க வேண்டும். தரவை வெளியே எடுத்துப் புதிய நிரலில் ஏற்றிவிடுவது அதைவிட நல்லது.

மாற்றவே முடியாத இயந்திரத்தை இணையத்திலிருந்து துண்டித்துவிடலாம். பென் டிரைவைப் போகிறபோக்கில் செருக விடக் கூடாது. அலுவலக வலையமைப்பில் அதற்கென்று தனி அறை போல ஒரு பிரிவு ஒதுக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றமும் மின்னஞ்சலும் அதில் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், கோப்புகளின் நகல் கணினியோடு இணைக்கப்படாத ஒரு வட்டில் இருக்க வேண்டும். இணைந்தே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இவை தனிமனிதரும் சிறு அலுவலகமும் செய்யக்கூடியவை. வாங்கும் இடத்தில் விதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், 2025 ஜூன் 20 முதல், ஒரு திறன்பேசி மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இயங்குதளத் திருத்தங்கள் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும் அதன் இன்னொரு சட்டத்தின்படி, மென்பொருள் உள்ள பெரும்பாலான பொருள்களுக்கு ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் வாங்கும்போதே வாங்குபவருக்குத் தெரிவித்தாக வேண்டும். மருந்து அட்டையில் இருப்பதைப்போல. நம் அரசுத் துறைகளின் டெண்டர்களில் செயலி வேகமும் நினைவக அளவும் பக்கம் பக்கமாக இருக்கும். ஆதரவு எந்த நாள்வரை என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

கடைசியாக, தமிழுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தப் பொருளில் அக்கறை வந்ததே இதனால்தான். டிடிபி கடைகளிலும் சிறு பதிப்பகங்களிலும் ஓரமாக ஒரு பழைய கணினி இருக்கும். "அது பேஜ்மேக்கர் சிஸ்டம், தொடாதீங்க" என்பார்கள். பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோயிற்று. விண்டோஸ் 2000 முதலே ஒருங்குறி (யூனிகோட்) தமிழும் லதா எழுத்துருவும் கணினியிலேயே வந்துவிட்டாலும், அச்சுத் துறை வெகுகாலம் அதைத் தொடவில்லை, ஏனென்றால் பக்கம் கட்டும் மென்பொருள்களுக்கு ஒருங்குறித் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியவில்லை. எனவே தொண்ணூறுகளிலிருந்து இருபதாண்டுத் தமிழ் அச்சின் பெரும்பகுதி, புத்தகமும் இதழும் திருமண அழைப்பிதழும், பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டது. அரசு அலுவலகக் கோப்புகளும் அப்படித்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியைத் தமிழக அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்குள் மலைபோல் கோப்புகள் சேர்ந்துவிட்டன.

இந்தக் கோப்புகளில் இருப்பது உண்மையில் தமிழே இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கோப்பில் பதிவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எழுத்துரு அந்த வரிசைக்குத் தமிழ் முகத்தைப் பூட்டுகிறது. எழுத்துரு போனால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், கால் பின்னால். ஒவ்வோர் எழுத்துருக் குடும்பத்துக்கும் ஒரு தனி அட்டவணை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இவற்றை ஒருங்குறியாக்கித் தரும், ஆனால் எந்த எழுத்துரு என்று நாம் சொல்ல வேண்டும். நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால், மாற்றி அதையும் தமிழென்று நினைத்து உருக்குலைத்துவிடும். எனவே மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கர் கோப்பாக இருந்தால், முதலில் அதைத் திறக்கும் கணினி வேண்டும், திறந்து உரையை வெளியே எடுக்க வேண்டும், அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். தெரிந்த ஒருவர் "பழைய சிஸ்டம் ஸ்லோவாக இருந்தது, ஃபார்மட் பண்ணிட்டேன்" என்று சொன்ன ஒரு வாக்கியத்தில், ஒரு சிற்றிதழின் பல ஆண்டு இதழ்கள் போனதை நான் கேட்டிருக்கிறேன். வைரஸும் இல்லை, தாக்குதலும் இல்லை.

எனவே பதிப்பாளர்களுக்கும், டிடிபி தொழில் செய்வோருக்கும், இதழ் நடத்தியவர்களுக்கும், ஊர்ச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய கணினியை எடைக்குப் போடுமுன், அதன் இணைய வடத்தைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளியே எடுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். உரையை ஒருங்குறிக்கு மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். அது இன்னும் ஓடுகிறது, ஓடும்போதே செய்துவிடுங்கள்.